தந்தையின் கையெழுத்தோடு ஒஸ்லோவுக்கு

மதுவிலக்குப் பேச்சுப்போட்டி மேடைகளில் மூன்று சுழற்கோப்பைகளை வென்றவன் நான். அத்தகைய நான், ஆறு புட்டித் திராட்சை மதுவைக் கம்பளிச் சட்டைகளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ஒஸ்லோ விமான நிலையத்தின் சுங்க வழியில் நின்றேன். சீருடை அணிந்த பெண்மணி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன இருக்கிறது என்று கேட்டார். வட இத்தாலியக் குன்றுகளில் ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம் பயிரிட்டு வரும் கொடிகளைப் பற்றியும், பெரிய மரப்பீப்பாய்களில் மாதக்கணக்கில் மது அடங்கியிருந்து முதிரும் மரபைப் பற்றியும், நாங்கள் வந்திருக்கும் நோக்கத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன்.

"எத்தனை புட்டி?" என்றார் அவர்.

"ஆறு."

தாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். நான் கட்டிய வாக்கியம் பாதியில் நின்றது.

பக்கத்தில் நின்ற லொரென்சா அப்போதுதான் மூச்சை விட்டார். ஐந்து தலைமுறை என்று நான் சொன்னேனே, அதில் ஐந்தாமவர் அவர். அந்த வரிசையில் முதல் பெண். துறையூரிலிருந்து உணவு வணிகம் படிக்க இத்தாலி சென்ற நான், வார இறுதிகளில் அவருடைய மது தயாரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். வரும் விருந்தினருக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டுவதும் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவதும் என் பொறுப்பு. நான் மது அருந்துவதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆங்கிலம் அறியாத அவர் இந்தப் பயணத்துக்கு என் நாவை மட்டும்தான் அழைத்து வந்திருந்தார்.

வந்த காரியம் இது. ஒஸ்லோவில் ரன்ஹில்ட் என்ற அம்மையார் சிறிய அளவில் மது இறக்குமதி செய்கிறார். லொரென்சாவின் தந்தையிடம் நெடுங்காலமாக வாங்கி வந்தவர். தந்தை போன வசந்தத்தில் இறந்துபோனார். இறப்பதற்கு முந்தைய அறுவடையின்போது அவர் மருத்துவமனையில் கிடந்ததால், அந்த ஆண்டின் மதுவை லொரென்சா தனியே செய்தார். ரன்ஹில்ட் எழுதிய கடிதத்தில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை: 'தொடர்ந்து வாங்குவதா என்று முடிவு செய்யுமுன் நீங்கள் தனியாகச் செய்ததை என் மேசையில், உங்கள் முன்னிலையில் சுவைக்க வேண்டும்.' கூடத்தில் உருவாகும் மதுவில் பெரும்பங்கு இந்த ஒரு நாட்டுக்குத்தான் வருகிறது. இந்த அம்மையார் கைவிட்டால், பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்குத் திராட்சையை அப்படியே எடைபோட்டுக் கொடுத்துவிடுவதாக லொரென்சா தம் தாயிடம் சொல்லியிருந்தார். அதன்பின் அந்தக் குடும்பத்தின் பெயரில் மது என்று ஒன்று இராது.

நகருக்குள் வந்ததும் லொரென்சா பார்க்க விரும்பியது கடலையோ அரண்மனையையோ அன்று. அரசு மதுக்கடையைப் பார்க்க வேண்டும் என்றார்.

நம் மாநிலத்தைப் போலவே நார்வேயிலும் மதுவை அரசுதான் விற்கிறது. ஒற்றுமை அத்தோடு முடிந்துவிடுகிறது. நம் ஊரில் கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்குவார்கள். இங்கே நூலகத்தில் நடப்பதைப் போல மெல்ல நடந்து, குனிந்து படித்து, திரும்ப வைத்துவிட்டு யோசிக்கிறார்கள். உரக்கப் பேசும் குரல் ஒன்றுகூட இல்லை. சாலையில் மது விளம்பரம் ஒன்றையும் நான் காணவில்லை. சட்டம் அதைத் தடுக்கிறதாம்.

இத்தாலிய அடுக்கின் கீழ்த்தட்டில் தந்தையின் மது இருந்தது. லொரென்சா குந்தி உட்கார்ந்து, லேபிளின் மூலையில் அச்சாகியிருந்த சாய்வான கையெழுத்தைக் காட்டினார்.

"நாம் கொண்டுவந்த புட்டியிலும் இதே கையெழுத்துதானே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இதேதான். எங்கள் வீட்டில் யாரும் தாமாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. பிள்ளை செய்த மதுவை அப்பா குடித்துப் பார்ப்பார். பிறகு அவரே அச்சகத்துக்குப் போய், இனிமேல் என் பெயர் வேண்டாம், இவன் பெயரைப் போடு என்று சொல்வார். என் அப்பாவுக்கு அவருடைய அப்பா அப்படிச் சொன்னார். அவருக்கு அவருடைய அப்பா."

"உங்களுக்கு?"

"என்னுடையது பீப்பாயிலிருந்து இறங்கவில்லை. அதற்குள் அவர் போய்விட்டார்."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். கடைக்காரர் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கையசைத்தார்.

விடுதி அறையில்தான் சிக்கல் தொடங்கியது. வெளியே பனி, உள்ளே தரையே சுடுகிறது. சன்னல் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. சுவைக்கும் நாளுக்கு முன்னால் மது இப்படி வெந்துகிடந்தால் பாழாகிவிடும் என்று லொரென்சா தவித்தார். "நீ தங்கும் வீட்டுக்குக் கொண்டுபோ. குளிர்ச்சியான இடம், இருட்டு, நேராக நிறுத்து. வேறு எதுவும் வேண்டாம்" என்று சொல்லி ஆறையும் என்னிடம் ஒப்படைத்தார்.

நான் தங்கியது நகரின் விளிம்பில் இருக்கும் ட்வெய்ட்டாவில், அடுக்குமாடி ஒன்றின் உயரமான தளத்தில், சுதன் அண்ணாவின் வீட்டில். சென்ற ஆண்டு ஒஸ்லோத் தமிழர்கள் இணையவழி நடத்திய பட்டிமன்றத்தில் நான் பேசியபோது அறிமுகமானவர், யாழ்ப்பாணத்துக்காரர், பேருந்து ஓட்டுகிறார். அவர் துணைவியார் மாலா அக்கா 'பார்னஹாகே' என்று அவர்கள் சொல்லும் மழலையர் பள்ளியில் வேலை செய்கிறார்.

கதவைத் திறந்த மாலா அக்காவின் முகம் மலர்ந்தது. "வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ. குளிருக்கை நிண்டுகொண்டு..." என்றவர், பெட்டிக்குள் ஒன்றோடொன்று இடித்த ஓசையைக் கேட்டு நிறுத்தினார். "உது என்ன, போத்தலோ?"

விளக்கினேன். அவர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். இடக்கை மணிக்கட்டில் இழைகளைத் திரித்த நூல் கட்டியிருந்தது. "தம்பி, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையார் பெருங்கதை விரதம் நடக்குது. சாமியறை பக்கத்திலைதான் எல்லாம். வீட்டுக்குள்ளை உதை வைக்கேலாது."

கார்த்திகை மாதத்தில் தொடங்கி இருபத்தொரு நாள், ஒரு வேளை மட்டும் உண்டு, மாலையில் பிள்ளையாரின் கதையைப் படித்து நோற்கும் விரதம் அது. எங்கள் ஊர்ப்பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே மொழி, ஒரே கடவுள். ஆனாலும் அவர்கள் நாட்காட்டியில் எனக்குத் தெரியாத நாட்கள் இருக்கின்றன.

"அதுக்கென்ன, கீழை நிலவறையிலை எங்கட சாமான் அறை இருக்கு. அங்கை வைப்பம்" என்றார் சுதன் அண்ணா.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அறையின் கூரையை ஒட்டி வெந்நீர்க் குழாய் ஓடியது. லொரென்சா அஞ்சியது வெப்பத்துக்கு அல்லவா? மேலே வந்து பால்கனிக் கதவைத் திறந்தேன். இருட்டு இருந்தது, குளிர் இருந்தது, நேராக நிறுத்தச் சுவரோரம் இடமும் இருந்தது.

"பல்கனியோ? தம்பி, இரவைக்கு மைனஸ் பன்னிரண்டு எண்டு சொல்லுறாங்கள்" என்றார் அண்ணா.

இங்கேதான் நான் பேசினேன். சாராயம் கலந்த நீர்மம் தண்ணீரைப் போல எளிதில் உறையாது என்று முதலில் நிறுவினேன். கட்டடத்தின் சுவர் உள்வெப்பத்தைக் கசியவிடுவதால் பால்கனி வெளிக்காற்றைவிடச் சூடாகவே இருக்கும் என்று அடுத்து நிறுவினேன். தடித்த கண்ணாடியும், சுற்றியிருக்கும் கம்பளியும், இடையில் அடைபட்ட காற்றும் சேர்ந்து மூன்று அரண்கள் என்று முடித்தேன். எதிர்க்கட்சிக்கு இடமே வைக்காத வாதம். சுதன் அண்ணா கையைத் தூக்கிவிட்டார்.

"உங்களோடை கதைச்சு வெல்ல எனக்கு வாய் இல்லைத் தம்பி. மைக் இல்லாமலே மைக் பூட்டின மாதிரி இருக்கு. வைச்சுப்போட்டு வாங்கோ, புட்டு ஆறுது."

"பேச்சுக்குப் பரிசு குடுக்கிறவை குடுக்கட்டும்" என்றார் மாலா அக்கா சமையலறையிலிருந்து. "போத்தலுக்கு விளங்குமோ?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். விரதச் சமையல்: குழாய்ப் புட்டு, தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. சொதி என்றால் எங்கள் மாநிலத்தின் தெற்கே கலியாணத்துக்கு மறுநாள் விருந்துச் சமையல். இங்கே அது அன்றாடம். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பால்கனிக் கதவு திறக்க மறுத்தது. விளிம்பில் உறைபனி ஒட்டியிருந்தது. தோளால் தள்ளித் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது சிமெண்டுத் தரையில் கருஞ்சிவப்புப் பாளம் ஒன்று. கம்பளியை விலக்கினேன். ஒரு புட்டி நெடுக வெடித்து, உள்ளிருந்தது கண்ணாடி இல்லாமலே புட்டியின் வடிவத்தில் நின்றது. மற்றொன்றின் தக்கை முழுதாக வெளியே வந்து, கழுத்தில் சிவப்புப் பனி நுரைத்திருந்தது. மிச்சம் நான்கிலும் தக்கை மேலெழுந்து, அதன்மேல் போர்த்திய தகடு குடைபோல் உயர்ந்திருந்தது. ஒன்றைத் தூக்கிச் சாய்த்தேன். உள்ளே ஏதோ கனமாக, சோம்பலாக அசைந்தது.

மாலா அக்கா வந்து பார்த்தார். "ஐயோ தம்பி, நான் விரதமெண்டு சொன்னபடியால்தானே..."

"இல்லக்கா. அண்ணா சொன்னத நான் கேக்கல."

சுதன் அண்ணா விடியுமுன்பே 'வாக்ட்'டுக்குப் போயிருந்தார். வேலைமுறையை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் அங்கே இல்லாதது அந்த நேரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

சுவைக்கும் நேரம் பிற்பகல். அதற்குள் புட்டிகள் இளக வேண்டும், லொரென்சா பார்க்க வேண்டும். நான்கையும், தக்கை வெளியேறிய ஒன்றையும் பையில் நிறுத்தி, மடியில் கட்டிப்பிடித்தபடி மெட்ரோவில் ஏறினேன். சில நிறுத்தங்கள் கடந்ததும் வண்டி நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் நார்வேஜிய மொழியில் ஓர் அறிவிப்பு. எல்லோரும் அமைதியாக எழுந்து இறங்கினார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சிக்னல் பழுதாம், மாற்றுப் பேருந்து வருமாம். பனி கொட்டிய நிறுத்தத்தில் நின்றபோது, என் பையின் அடியிலிருந்து சிவப்பாகச் சொட்டத் தொடங்கியது. வெள்ளைப் பனியில் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியே தெரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் வேறு பக்கம் திரும்பினார்கள். நம் ஊராக இருந்திருந்தால் இதற்குள் காவல் நிலையத்துக்குச் செய்தி போயிருக்கும், இரண்டு பேர் என் பையைத் திறந்திருப்பார்கள். தாடி வைத்த ஒரு முதியவர் மட்டும் தம் பைக்குள்ளிருந்து கெட்டியான நெகிழிப் பையொன்றை எடுத்து, வாய் திறவாமல் என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வாயெடுக்குமுன் பேருந்தில் ஏறிவிட்டார்.

விடுதியில் லொரென்சா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்கொள்ள நான் ஆயத்தமாக இருந்தேன். புட்டிகளைக் குளியலறைத் தரையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். இளகிக்கொண்டிருந்த மதுவுக்குள் பொடிக் கண்ணாடி போன்ற படிகங்கள் மின்னின.

"கண்ணாடியா?" என்றேன்.

"உப்பு. திராட்சையின் புளிப்பிலிருந்து பிரிவது. நாங்கள் வடிகட்டுவதில்லை, அதனால் குளிர் பட்டால் இப்படி இறங்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை."

"அப்படியென்றால் சொல்லவே வேண்டாம். தக்கை குறைவாக எழுந்ததைத் திறப்போம். அவர் கேள்வி கேட்கும் இடைவெளியே இல்லாமல் நான் பேசிக்கொள்கிறேன்."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டார்.

ரன்ஹில்ட் அம்மையாரின் அறை ஆற்றங்கரையில் பழைய கிடங்கொன்றின் மாடியில் இருந்தது. நீண்ட மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, கண்ணாடிக் கிண்ணங்கள், சுவைத்ததைத் துப்புவதற்கு ஒரு குவளை. அம்மையாருக்கு அறுபது வயது இருக்கலாம். நரைத்த குட்டை முடி, முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. லொரென்சாவின் கையைக் குலுக்கிக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். பிறகு தம் அலமாரியிலிருந்து தந்தை கடைசியாகச் செய்த ஆண்டின் புட்டியை எடுத்து, எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு புட்டி, ஒரே லேபிள், ஒரே கையெழுத்து.

எனக்கும் ஊற்ற வந்தார். நான் அருந்துவதில்லை என்றேன்.

"அருந்தாததை எப்படி விற்கிறீர்கள்?"

"விற்பது இவர். நான் மொழிபெயர்க்கிறேன்."

"நல்லது. அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று கேளுங்கள்."

கேட்டேன். "வெயில். பிறகு ஆலங்கட்டி மழை. பாதி போயிற்று" என்றார் லொரென்சா.

இதை அப்படியே சொல்லிவிட்டால் கேட்பவர் நெஞ்சில் என்ன பதியும்? நான் குன்றுகளின்மேல் காய்ந்த சூரியனில் தொடங்கினேன். கொள்ளுத்தாத்தாவின் தந்தை முதல் கொடியை நட்ட நாளுக்குப் போனேன். வானம் கல்லை எறிந்த மாலையில், மருத்துவமனைக்கும் தோட்டத்துக்கும் நடுவே தனித்து நின்ற ஒரு மகளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். குரல் நானே எதிர்பாராத உயரத்துக்குப் போயிற்று.

லொரென்சா என் முழங்கையைத் தொட்டார். "நான் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். நீ ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாய்?"

"என்ன சொல்கிறார்?" என்றார் ரன்ஹில்ட்.

மொழிபெயர்ப்பது என் கடமை. மொழிபெயர்த்தேன். அம்மையாரின் வாயோரம் லேசாக அசைந்தது.

"இந்த நாட்டில் மதுவைப் புகழ்ந்து விளம்பரம் செய்யக்கூடாது. என் இணையப் பக்கத்தில் 'அருமையான' என்ற சொல்லைப் போட்டால்கூட எனக்கு அரசிடமிருந்து கடிதம் வரும். இத்தனை ஆண்டில் புகழ்ச்சியைக் கேட்கும் காது எனக்கு மழுங்கிவிட்டது. அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்."

தக்கையைப் பிடுங்கினார். எளிதாக வந்துவிட்டது. அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவினார், படிகங்கள் ஒட்டியிருந்தன. விளக்கை நோக்கித் திருப்பினார்.

"இது உறைந்திருக்கிறதா?"

அந்தக் கேள்வியை லொரென்சாவிடம் கொண்டுபோகாமல் நானே விடை சொல்லிவிட முடியும். வாய்வரைக்கும் வந்தும்விட்டது. லொரென்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியை இத்தாலிய மொழியில் சொன்னேன்.

"ஆம்" என்றார். "பால்கனியில் வைத்தவன் நான்" என்று என் பங்குக்கு நான் சேர்த்துக்கொண்டேன்.

ரன்ஹில்ட் தலையசைத்தார். இரண்டு கிண்ணங்களிலும் ஊற்றினார். முகர்ந்தார், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினார், வாயில் வைத்துச் சுழற்றினார், துப்பினார். மறுபடியும் முதலிலிருந்து. மேடையில் பேச்சாளன் ஒரு கணம் தடுமாறி நின்றால் அவை சலசலக்கும். இங்கே எவ்வளவு நேரமாயினும் ஒருவரும் அசைவதில்லை. ஆற்றில் பனிக்கட்டி உரசும் ஓசை மேலே கேட்டது.

"அப்பாவுடையது வாய் முழுவதும் நிறைகிறது" என்றார் ரன்ஹில்ட் கடைசியில். "இது தொடக்கத்தில் இருக்கிறது, முடிவில் இருக்கிறது. நடுவில் மெலிந்துபோகிறது. உறைந்ததால் இப்படி ஆகியிருக்கலாம். அதுதான் காரணம் என்றால் நான் இன்று தீர்ப்புச் சொல்லமாட்டேன். வேறு புட்டி அனுப்பட்டும், வசந்தத்தில் பார்க்கிறேன்."

நான் செய்த பிழை எங்கள் கட்சியின் மிகச் சிறந்த வாதமாக மாறி மேசையில் கிடந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. மொழிபெயர்த்து முடித்ததும், மூச்சை விடாமல், "ஆம் என்று சொல்லுங்கள்" என்று இத்தாலிய மொழியில் கூட்டிக்கொண்டேன்.

லொரென்சா தம் கிண்ணத்தை எடுத்தார். நெடுநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"இல்லை."

"லொரென்சா..."

"சொல் அவளிடம். குளிர் இதைச் செய்யவில்லை. சாறு திராட்சைத் தோலோடு கிடக்கும்போதுதான் அந்த நடுப்பகுதி உண்டாகிறது. அப்பா நீண்ட நாள் விடுவார். நான் சீக்கிரம் பிரித்துவிட்டேன். ஆலங்கட்டி பட்ட திராட்சை, கெட்டுவிடுமோ என்று பயந்தேன். கேட்க ஆள் இல்லை. இது என் கை செய்தது. ஆனால் கெட்ட மது இல்லை."

எதிர்க்கட்சியின் வாதத்தை இதற்குமுன் நான் பலமுறை எடுத்துச் சொன்னதுண்டு, உடைப்பதற்காக. இதை உடைக்க இயலாது. ஒவ்வொரு வாக்கியமாக, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, ஆங்கிலத்தில் வைத்தேன். ஓர் அடைமொழிகூடச் சேர்க்கவில்லை.

ரன்ஹில்ட் எங்கள் கிண்ணத்தை மறுபடி எடுத்தார். இம்முறை அவர் துப்பவில்லை.

"கெட்ட மது இல்லைதான்" என்றார். "வாங்கிக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு." புட்டியைத் திருப்பி லேபிளின் மூலையில் நகத்தை வைத்தார். "இந்தக் கையெழுத்தை நம்பி வாங்குகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவருடையது என்று நினைத்துத் திறந்தால் ஏமாறுவார்கள். இவருடையது என்று தெரிந்து திறந்தால் ஏமாறமாட்டார்கள். இவர் தம் கையெழுத்தைப் போடட்டும்."

சொன்னேன். லொரென்சா புட்டியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். நாளை சொல்வதாகச் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

துறைமுகத்தை ஒட்டி நடந்தோம். மாலைக்கு வெகுநேரம் முன்பே இருட்டியிருந்தது. கடலுக்குள் நீராவிக் குளியலுக்காகக் கட்டிய சிறு மரக்குடிலிலிருந்து ஆவி பறக்கும் உடம்போடு ஆட்கள் ஓடிவந்து உறைநீரில் குதித்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அதைப் பற்றியே ஒரு பத்தி எழுதியிருப்பேன். அன்று என் மனத்தில் வாதங்கள் வரிசைகட்டி நின்றன.

"மறுப்பதற்குக் காரணமே இல்லை. முதலாவது..."

"கதிர், இது போட்டி இல்லை."

"உங்கள் அப்பா இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்."

"இருந்திருந்தால் நடுவில் மெலிந்திருக்கிறது என்று சொல்லியிருப்பார். அச்சகத்துக்குப் போயிருக்கமாட்டார். எனக்குத் தெரியும்."

ட்வெய்ட்டாவுக்குத் திரும்பியபோது அன்றைய கதைப் படிப்பு முடிந்திருந்தது. மாலா அக்கா மோதகத்தைத் தட்டில் வைத்து என் முன் நகர்த்தினார். பால்கனித் தரை கழுவப்பட்டிருந்தது. யார் கழுவினார்கள் என்று நான் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"என்ன தம்பி, உறையாது எண்டியள்" என்றார் சுதன் அண்ணா. "அந்த மூண்டு அரணும் எங்கை போச்சு?"

"சும்மா இருங்கோப்பா, பிள்ளை நொந்துபோய் வந்திருக்கு." அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தப் பிள்ளை கையெழுத்து வைப்பாவோ?"

"தெரியலக்கா. அப்பா சரின்னு சொன்னாத்தான் போடணுமாம். அவங்க வீட்டு வழக்கம்."

அக்கா மணிக்கட்டு நூலைச் சுற்றிக்கொண்டார். "நான் இஞ்சை தனியத்தான் வந்தனான். அப்பா அங்கை. கலியாணப் பதிவுக்கு, அப்பாட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு ரெண்டு தரம் திகதி மாத்தினனான். சண்டைக்குள்ளை போனும் இல்லை, ஒண்டும் இல்லை. பிறகு யோசிச்சன், ஆர் வந்து ஓம் எண்டு சொல்லப்போகினம் எண்டு. போய் வைச்சிட்டு வந்தன். கை நடுங்கினதுதான்."

"இண்டைக்கும் அந்தக் கையெழுத்தை வாசிக்கேலாது" என்றார் அண்ணா.

"வாசிக்கேலாட்டி என்ன, செல்லும்தானே."

மூன்றாம் நாள் காலை. விமான நிலைய ரயிலுக்காக நடைமேடை இருக்கையில் காத்திருந்தோம். லொரென்சா ஏலக்காய் மணக்கும் ரொட்டியொன்றை வாங்கி, தின்னாமல் காகிதப் பையிலேயே வைத்திருந்தார். நான் தங்கிய வீட்டு அக்கா ஒன்று சொன்னார் என்று தொடங்கி, மாலா அக்கா சொன்னதை அதே வரிசையில், நடுங்கிய கை வரைக்கும் சொன்னேன். அண்ணாவின் கேலியையும் விடவில்லை. லொரென்சா கேட்டுக்கொண்டார். எங்கள் ரயிலுக்கு முந்தைய ரயில் வந்து போயிற்று.

"ரன்ஹில்டைக் கூப்பிடு" என்றார்.

"என்ன சொல்ல வேண்டும்?"

"போடுகிறேன் என்று சொல்."

ரன்ஹில்ட் உடனே எடுத்தார். "லொரென்சா 'போடுகிறேன்' என்கிறார்" என்றேன்.

"அவ்வளவுதான் சொன்னாரா?"

"அவ்வளவுதான்."

"சரி. லேபிள் மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள்."

சொன்னேன். லொரென்சா என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டார். ரொட்டியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பையை மடியில் தட்டையாக விரித்து, எண்ணெய் படாத இடம் பார்த்து, தம் பெயரை எழுதினார். எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அப்பாவுடையது இதைவிட அழகு" என்றார். அதற்குக் கீழேயே இன்னொரு முறை போட்டார்.